ஒற்றை மாத்திரை

தைராய்டு மாத்திரைப் பெட்டி தினமும் விடியலில் ஜெனிட்டாவின் விரலில் ஒரு சொட்டு ரத்தம் பார்த்து, அன்றைக்கு வேண்டிய அளவைக் கொடுக்கும். கர்ப்பத்துக்குக் கூடுதல் அளவு வேண்டும் என்று இரண்டு மாதம் முன்பு ஒன்றுக்குப் பதில் இரண்டு மாத்திரை விழுந்தபோதுதான் அவள் உண்டாகியிருப்பதே வீட்டுக்குத் தெரிந்தது. இன்று ஒன்றுதான் விழுந்தது.

"பெட்டி ரிப்பேரா இருக்கும்," என்றான் அவள் கணவன் அருள்ராயன். பெட்டியைத் தட்டிப் பார்த்தான்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள்.

"பெட்டிலேர்ந்து இங்க வந்த ரத்த ரிப்போர்ட்ல கர்ப்பம் தெரியலம்மா. அதான் பெட்டி குறைச்சிருக்கு," என்றாள் நர்ஸ், தயங்கித் தயங்கி. "டாக்டரே உங்ககிட்ட பேசணும்னு இருந்தாங்க. அதுக்குள்ள..."

ஜெனிட்டா அந்த ஒற்றை மாத்திரையை விழுங்கினாள்.

"ஒரு மணி நேரத்துக்கு எதுவும் சாப்பிட வேண்டாம்," என்றது பெட்டி, வழக்கமான குரலில்.

அன்று முழுக்க அவள் பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை.