அப்பாவின் நீலச் சட்டை

“இதைக் கொஞ்சம் மோந்து பாருடி” என்று அப்பாவின் சட்டையை நீட்டினாள் அம்மா.

மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். “உவ்வே, ஒரே வேர்வை நாத்தம். துவைக்கப் போடும்மா.”

“நாலு தெருவுக்கு நாறட்டும், போட மாட்டேன்” என்ற அம்மாவின் முகம் மலர்ந்தது.

அந்தக் காய்ச்சலில் போன அம்மாவின் மோப்ப சக்தி இன்னும் திரும்பவில்லை. அதே காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போன அப்பா திரும்பவே இல்லை.

“மூக்கு மெல்லத்தான் சரியாகும்னு டாக்டர் சொல்றார். அதுவரைக்கும் இந்த வாசனை இருக்குமாடி?”

“இதுவா? ஏழு ஜென்மத்துக்கும் போகாது. ஆளப் பாரு.”

அம்மா சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பீரோவின் வாசனையைத் தவிர அந்தச் சட்டையில் எதுவும் இல்லாமல் போய் மாதக்கணக்காகியிருந்தது.