எட்டு ஆள் பாரம்

"எட்டு ஆளா? பாய், இன்னா யானையா தூக்கப் போறீங்கோ?"

மகாபலிபுரம் லாட்ஜ் முதலாளி கோதண்டராமன் ஏளனமாகச் சிரித்தார். சதுரங்கப்பட்டினத்துப் பாழடைந்த பங்களாவின் பியானோவைத் திறந்துகூடப் பார்க்காமல் ஏலத்தில் எடுத்திருந்தார். அதைக் கொண்டுபோக, அதே ஊர்க் காயலான் கடையில் கிடைத்த பெரிய இரும்புச் சட்டத்துக்குச் சக்கரம் மாட்டி, வண்டியும் செய்துவிட்டார்.

"அந்தக் காலத்துல இத்த எட்டு பேர் தூக்கித்தான் பங்களாக்குள்ள வெச்சோம் மொதலாளி," என்றார் சுமைக்காரர் மதார் சாகிப்.

"ஒங்க ஆளுங்களுக்கு ஒடம்பு வளையாது. இப்ப பாருங்கோ."

இரண்டே பேர் அலுங்காமல் தூக்கி வைத்தார்கள். அளவெடுத்துச் செய்தது போல வண்டியில் பொருந்தியது.

லாட்ஜில் வண்டியிலிருந்து இறக்காமலே கோதண்டராமன் கட்டைகளை அழுத்தினார். சத்தமே இல்லை. மூடியைத் திறந்தால் உள்ளே தந்தியும் இல்லை, தந்தி கட்டும் இரும்புச் சட்டமும் இல்லை; காலி.

மதார் சாகிப் குனிந்து, வண்டிச் சட்டத்தில் தொங்கிய அறுந்த தந்தியை இழுத்துக் காட்டினார்.

"பியானோ கீழ கீது மொதலாளி. மேல கீறது வெறும் பொட்டி."