மூன்று பூச்சு

"இதுக்கு முதலாளி யாரு?" என்று மகளிடம் கேட்டேன்.

"யாருமே இல்லப்பா. அதான் இதுல விசேஷம்."

முதலாளி இல்லாத கடையை நான் பார்த்ததில்லை. அப்படி ஒன்று இருந்தால், அவன் உள்ளே எங்கேயோ ஒளிந்திருக்கிறான் என்று அர்த்தம்.

எட்டு மாதமாகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதைத்தான் கட்டுகிறாள். பிளாக்செயினாம். யார் வேண்டுமானாலும் எழுதலாமாம். எழுதியது ஆயிரம் கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். ஒவ்வொன்றும் முந்தையதோடு சங்கிலி மாதிரி பூட்டிக்கொள்ளும். ஒன்றில் கை வைத்தால் மற்றதெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும்.

எழுதினவனே நினைத்தாலும் அழிக்க முடியாது. அழிக்கிற பொத்தானையே அவள் வைக்கவில்லையாம்.

யாரிடம் வந்து சொல்கிறாள் பாருங்கள். முப்பத்தொரு வருஷம் நகராட்சியில் சுவர் எழுத்து அழித்தவன் நான்.

கட்சிக்காரன் எழுதினது, காதலிக்கிறவன் எழுதினது, மூட்டுவலி மருந்துக்காரன் எழுதினது, எல்லாம் எனக்கு ஒன்றுதான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. மிச்ச எழுத்தையெல்லாம் அழித்து அழித்துத்தான் கற்றுக்கொண்டேன்.

பெயிண்டுக்கு இரண்டு பூச்சுச் சுண்ணாம்பு போதும். கரிக்கு மூன்று. கரி பொல்லாதது. கொஞ்ச நாள் விட்டால் மேலே வந்துவிடும்.

"நாளைக்கு எல்லாருக்கும் திறந்து விடறேன். முதல் பதிவு நீங்க போடுங்க. உங்களுக்கே எழுத வந்துட்டா உலகத்துல எல்லாருக்கும் வந்துரும்."

"எனக்கு எழுத என்ன இருக்கு?"

"வருஷா வருஷம் அடுக்களைல அந்த ஒரு சுவத்துக்கு மட்டும் உக்காந்து வெள்ளை அடிக்கறீங்கல்ல, அந்த நேரத்துல நாலு வரி தட்டிரலாம்."

இந்த வருஷம் அடிக்கவில்லை. முழங்கால் மடங்கவில்லை. சுவர் அப்படியே கிடக்கிறது.

அழிக்க முடியாததற்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்டேன். அவள் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"எழுதினது நிக்கணும்ப்பா. அம்மா வீட்டை விட்டுப் போனப்ப எனக்கு ஏழு வயசு. புதுசா எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டு, கண்ணுல படறதையெல்லாம் படிச்சேன். ஒரே ஒரு வரி எழுதி வெச்சிட்டுப் போயிருக்கலாம்ல? மனசு வரலை அவளுக்கு."

இதை அவள் இருபத்தாறு வருஷமாகச் சொல்கிறாள். நானும் இருபத்தாறு வருஷமாகத் தலையாட்டுகிறேன்.

கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு டீ போடப் போனாள்.

ஒற்றை விரலால் தட்டினேன். நேரம் பிடித்தது. யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மனப்பாடம்.

"பாப்பா, நாலு மணிக்குப் பள்ளிக்கூடப் பின்வாசலில் நிற்பேன். பையை மட்டும் எடுத்துக்கொண்டு வா. நாம் ரெண்டு பேரும் போயிடலாம். அம்மா."

அதற்குக் கீழே என் கணக்கில் மூன்று வரி.

"அடுப்புக்கரியால் சுவரில் எழுதியிருந்தாள். நீ எழுந்திருக்கும் முன்னால் மூன்று பூச்சு அடித்தேன். அன்றைக்கு உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை."

பச்சைப் பொத்தானை அமுக்கினேன். ஒரு வட்டம் கொஞ்ச நேரம் சுற்றியது. நின்றது.

அவள் இரண்டு டம்ளரோடு வந்தாள். "அட, போட்டுட்டீங்களா!" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். சின்ன வயதில் கடைப் பலகைகளைப் படிப்பாளே, அதே மாதிரி வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள்.

இரண்டாவது வரியில் குரல் நின்றது. கண் மட்டும் கீழே போய்க்கொண்டிருந்தது.

நான் திரையில் மேலேயும் கீழேயும் அழிக்கிற பொத்தானைத் தேடினேன். ஓரத்திலும் தேடினேன்.

அவள் சொன்னது நிஜம்தான். வைக்கவில்லை.