மூடி போட்ட தட்டு

"மனுஷன் சாப்பிடற மாதிரி இதுல ஒண்ணுகூட இல்லையா?"

தையல்காரர் மெனு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்பக்கம் கோழி, பின்பக்கம் மீன். அடியில் ஓர் ஓரமாக, போனால் போகிறதென்று, இரண்டே வரி சைவம்.

பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மனைவிக்குச் சங்கடமாக இருந்தது.

"மெதுவாப் பேசுங்க."

ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்தில், ஆஸ்பத்திரிக்குத் தவிர, அவள் வீட்டை விட்டு வெளியே வருவது இதுதான் முதல் தடவை. வயிற்றுப் புண் ஆறிவிட்டது, பசிதான் திரும்பி வரவில்லை. எதைக் கொடுத்தாலும் ரெண்டு வாய், அப்புறம் தட்டைத் தள்ளிவிடுவாள். "இனிமே எதை வேணும்னாலும் சாப்பிடலாம். ஆனா சாப்பிட்டே ஆகணும். இப்படியே இளைச்சா மறுபடி இங்க வந்து படுக்க வேண்டியதுதான்" என்று டாக்டர் நேற்றுக் காலை கறாராகச் சொல்லிவிட்டார். அவளுடைய சட்டைகளையெல்லாம் தையல்காரர் ஏற்கெனவே இரண்டு தடவை பிடித்துத் தைத்தாகிவிட்டது.

"கிளம்பு, வெளியே போய்ச் சாப்பிடலாம்" என்று மத்தியானமே அவர் கடையைப் பூட்டியபோது அவளுக்கு உச்சி குளிர்ந்துதான் போனது. ஆனால் கூட்டி வந்த இடம் இது. நகரம் முழுக்க ஹோட்டல் இருக்க, முட்டை வெந்த பாத்திரத்தைக்கூடத் தொடாத மனுஷர், நுழைந்ததும் ஐஸில் மீன் அடுக்கி வைத்திருக்கிற இடத்துக்கா வருவார்?

போர்டைப் படிக்காமல் வந்து மாட்டிக்கொண்டார் என்று நினைத்தாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் குதிப்பார்.

சர்வர் வந்தார். நரைத்த மீசை, தோளில் ஈரத் துண்டு.

"காய்கறி சூப் சைவம்தானே?"

"சுத்த சைவம் சார். தண்ணி மட்டும் கோழி வெந்த தண்ணி."

"அப்புறம் அது எப்படிய்யா சைவம்?"

"கோழியை வெளிய எடுத்துருவோம் சார்."

சிரிப்பை அடக்க அவள் படாத பாடு பட்டாள்.

"வறுத்த காளான்?"

"இருக்கு சார். மீன் வறுத்த எண்ணெய்தான், பரவாயில்லையா?"

கடைசியில் அவித்த காய் என்று முடிவானது.

"எனக்கும் அதுவே போதும்" என்றாள்.

"உனக்கு நான் சொல்லியாச்சு. நீ சும்மா இரு."

அவளுக்குச் சுருக்கென்றது. உடம்பு அவளுடையது, வாய் அவளுடையது. என்ன சாப்பிடுவது என்று அவர்தான் சொல்ல வேண்டுமா? ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடுவார்? சண்டை போட்டால் வெளியே வந்த நாளே பாழாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

முதலில் அவர் தட்டு வந்தது. நாலு துண்டு கேரட், ஒரு கைப்பிடி பீன்ஸ், தோலோடு ஓர் உருளைக்கிழங்கு. கேரட் வேகவேயில்லை. அவர் கடித்த சத்தம் எதிரில் இருந்த அவளுக்கே கேட்டது.

"இதுல உப்பே போடலையா?"

"போடணுமா சார்?" சர்வர் நிஜமாகவே கேட்டார். "இதுவரைக்கும் இதை யாரும் கேட்டதில்லை."

பாவமாக இருந்தது அவளுக்கு. கோபம் பாதி இறங்கிவிட்டது.

"எழுந்திருங்க, வேற எங்கயாவது போலாம்."

"உக்காரு. உன் தட்டு வரட்டும்."

வந்தது, மூடி போட்டு. சர்வர் மூடியை எடுத்தார்.

வறுத்த மீன். முழுசாக, ஓரமெல்லாம் முறுகி, ஆவி பறக்க.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. பிறந்த வீட்டில் மீன் இல்லாமல் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. கல்யாணமான அன்றோடு விட்டாள். முப்பத்திரண்டு வருஷம். அவர் விடச் சொன்னதில்லை, அவளும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

"ஐயோ, தப்பாக் கொண்டாந்துட்டீங்க! சீக்கிரம் எடுத்துட்டுப் போங்க. இவருக்கு வாடையே ஆகாது!"

"தப்பில்லைம்மா. சார் நேத்து சாயங்காலமே வந்து சொல்லிட்டுப் போனார். முள்ளு கம்மியான மீனாப் பார்த்து வைக்கச் சொன்னார்."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் ரொம்ப மும்முரமாக பீன்ஸை மென்றுகொண்டிருந்தார்.

"நேத்தே வந்தீங்களா? அப்ப உங்களுக்கு இங்க ஒண்ணும் கிடைக்காதுன்னு தெரியாதா?"

"மீன் நல்லா இருக்குமான்னுதான் கேட்டேன். எனக்கு என்ன இருக்குன்னு கேக்கத் தோணலை."

அவள் தட்டைக் கிட்டே இழுத்தாள். ஓரத்தில் ஒரு துண்டு பிட்டு வாயில் வைத்தாள். இன்னொரு துண்டு. மூன்றாவதுக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் கை நிற்கவில்லை. பாதி மீன் போன பிறகுதான், ஆறு வாரமாகத் தொலைந்திருந்த பசி திரும்பி வந்திருப்பதே அவளுக்கு உறைத்தது. வாடைக்கு மூக்கைச் சுளிக்காமல் அவர் அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு யார் சொன்னா?" என்றாள்.

"நீதான்."

"நானா? எப்ப?"

"மயக்கம் தெளியறப்ப. 'ஒரு துண்டு மீன் கிடைக்குமா சிஸ்டர்'னு கேட்டே. 'எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, மனசு கஷ்டப்படுவார்'னு கையைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சினே."

"அந்த நர்ஸ் போட்டுக் குடுத்துட்டாளா?"

"நர்ஸ் அங்க இல்லவே இல்லை. நீ பிடிச்சுக்கிட்டிருந்தது என் கையை."