தொட்ட காய்

இரண்டு வருடமாக மாவட்டச் சதுரங்கப் போட்டியின் அரையிறுதியிலேயே தோற்றுவந்தவள் மங்கையர்க்கரசி. இந்த முறை அரையிறுதியில் எதிரே அமர்ந்தவர் பார்வையில்லாத சவரிமுத்து. தனக்கென்று துளையிட்ட பலகை வைத்துக்கொண்டு விரல்களால் தடவி ஆடினார். அவள் தன் நகர்த்தலை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பாதி ஆட்டத்தில் குதிரையைத் தூக்கிவிட்டாள். தூக்கிய பிறகுதான், அதை எங்கே வைத்தாலும் ராணி போய்விடும் என்று தெரிந்தது. தொட்ட காயைத்தான் ஆட வேண்டும் என்பது விதி. நடுவர் வேறு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குதிரையைச் சத்தமில்லாமல் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, யானையை நகர்த்திச் சொன்னாள். அரை மணி நேரத்தில் ஜெயித்தாள்.

சவரிமுத்து சிரித்தபடி கை நீட்டினார். “ரொம்பப் பேரு பாவம்னு விட்டுக்குடுத்து ஆடுவாங்கம்மா. எனக்கு அசிங்கமா இருக்கும். நீங்கதான் என்னையும் ஒரு ஆளா மதிச்சு ஆடுனீங்க.”

அவளுக்கு முகம் எரிந்தது. “சார்...” என்று ஆரம்பித்தாள். அதற்குள் நடுவர் முடிவுத்தாளைக் கொண்டுவந்து வைத்தார்.

“எங்கேம்மா கையெழுத்துப் போடணும்? கொஞ்சம் காட்டுங்க” என்றார் சவரிமுத்து.

அவர் விரலைப் பிடித்து, தோற்றவர் பெயருக்கு நேரே கொண்டுபோய் வைத்தாள்.

“இங்கதான் சார்.”