நாலாவது நாற்காலி

"அங்க குந்தாத பாப்பா! அதுக்கு ஆளு கீது!"

உட்காரப் போன மகிழினி சட்டென்று நிமிர்ந்தாள். சொந்த நாட்டுக்குள்ளேயே வீடு இழந்து இடம் மாற்றப்பட்டவர்களைப் பற்றி அவள் ஆராய்ச்சி செய்கிறாள். பேச்சைத் தொடங்கும் முன், யார் யார் வந்திருக்கிறார்கள், எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நோட்டில் குறித்துக்கொள்வது அவள் வழக்கம்.

எண்ணூர் குடியிருப்பின் கீழ்த்தள ஹாலில் வரிசையாக ஏழு நாற்காலிகள். எழுதினாள். முதலில் அப்பாவு. அடுத்து ரமாபாய். மூன்றாவது, இப்போது அதட்டிய பட்டம்மாள். நாலாவது காலி. ஐந்தாவது அப்துல் வஹாப். ஆறாவது அசோகன். ஏழாவது சாலமோன். அவர் முதலில் காலி நாற்காலியில்தான் உட்காரப் போனார். பட்டம்மாள் முறைத்த முறைப்பில் கோடிக்கு ஓடிவிட்டார். கதவோரம் டீ கேனோடு கன்னியம்மா, நின்றபடி.

எல்லோரும் ராயபுரத்தில் துறைமுகச் சுவரை ஒட்டியிருந்த கயிற்றுக்கொட்டாய்ச் சந்துக்காரர்கள். ரோடு போடுவதற்காகச் சந்தை இடித்து இங்கே அனுப்பி இருபத்திரண்டு வருஷமாகிறது.

"யாருக்காக இந்த சேர்?"

"தோ நிக்கிறாளே கன்னிம்மா, அவளுக்கு."

"அப்ப வந்து உக்காருங்கம்மா."

"பட்டியல்ல பேரு இல்லாதவளுக்கு இன்னாத்துக்கு சேரு? டீ ஆறுது, நீ குடி கண்ணு," என்று சிரித்தாள் கன்னியம்மா.

மகிழினி விழித்தாள். பட்டம்மாள் விளக்கினாள். "கணக்கெடுக்க வந்த அன்னிக்கு இவ புள்ள பெத்துக்க ஆஸ்பத்திரில கீறா. கதவுல பூட்டு. பூட்டு தொங்கினா நம்பர் போட மாட்டாங்க. நம்பர் இல்லன்னா இங்க வூடு இல்ல. அந்தப் புள்ளைக்கே இப்ப கண்ணாலம் ஆயிப் பூட்ச்சு. இவ இன்னும் என் வூட்டு சமையக்கட்டுல படுத்துகினு கீறா."

"நீங்க எல்லாரும் சாட்சி சொல்லலாமே?"

"எழுதி, கையெழுத்து போட்டே குடுத்தோம்மா," என்றார் வஹாப். "அக்கம்பக்கத்துக்காரங்க சொல்றது செல்லாதாம். வெளியாளு யாராச்சும் ஆதாரத்தோட எழுதணுமாம். விடுபட்டவங்க வூடு கேட்டு மனு போட இன்னியோட கெடு முடியுது. பெரிய பேஜாரு."

மகிழினி நோட்டைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். பிறகு பையைத் தலைகீழாகக் கொட்டி ஒரு தாளை எடுத்தாள். அந்தக் காலத்துக் கணக்கெடுப்புப் பட்டியலின் நகல். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு, அன்று காலைதான் கிடைத்தது. இங்கே யாருக்கும் இன்னும் காட்டவில்லை.

ஒன்று, அப்பாவு. இரண்டு, ரமாபாய். மூன்று, பட்டம்மாள். நாலு, அப்துல் வஹாப். ஐந்து, அசோகன். ஆறு, சாலமோன்.

"சந்துல வீடெல்லாம் ஒரே பக்கமா இருந்துச்சா?" அவள் குரல் எகிறியது.

"ஆமா. எதிர்ல சுவருதான்."

"அப்படின்னா நீங்க வீட்டு வரிசையிலயே உக்காந்திருக்கீங்க! பட்டியல்ல இருக்கிற மாதிரியே! கன்னியம்மா வீட்டுக்கு மட்டும் நடுவுல இடம் விட்டு! யாராவது இப்படி உக்காரச் சொன்னாங்களா?"

அசோகன் செருமினார். அப்பாவு மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

"யாரு சொல்லப் போறா? எல்லாம் பழக்கந்தான்," என்றாள் பட்டம்மாள்.

மகிழினிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பல்கலைக்கழகப் பெயர் அச்சிட்ட தாளை எடுத்தாள். இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் இவர்கள் பழைய வீட்டு வரிசையிலேயே உட்காருகிறார்கள், இதுவரை காணாத அரசுப் பட்டியலோடு அது அப்படியே பொருந்துகிறது, மூன்றாம் வீட்டுக்கும் நாலாம் வீட்டுக்கும் நடுவே விடுபட்ட வீடு கன்னியம்மாவுடையது என்று படம் வரைந்து, நகலை இணைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"இன்னிக்குத் தேதியில தபால் முத்திரை விழணும். மணி இப்பவே மூணரை!"

"இன்னாத்துக்கு பயப்படுற? நம்ம ஆட்டோ கீது, ஏறு!" என்றார் அசோகன். மகிழினியும் கன்னியம்மாவும் பின்னால் ஏற, கேட்காமலே பட்டம்மாளும் வஹாபும் இடித்துக்கொண்டு ஏறினார்கள். எதிரே வந்த டேங்கர் லாரியைத் திட்டியபடியே அசோகன் ஆட்டோவைப் பறக்கவிட்டார்.

தபால் ஆபீசில் மகிழினி உறைக்குப் பசை தடவினாள். கன்னியம்மா அதன் மேல் உள்ளங்கையை வைத்து, எடுக்க மனசில்லாதவள்போல அழுத்தினாள். கவுண்டரில் முத்திரை டக்கென்று விழுந்தது. உறை தபால் பைக்குள் போனது. மகிழினி கன்னியம்மாவைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

வாசலில் நின்ற வஹாப் மெதுவாகப் பட்டம்மாள் பக்கம் குனிந்தார்.

"போன வாரம் பக்கத்து பிளாக்குல யாரு எங்க குந்தினாங்கன்னு பாப்பா எழுதினத நீ பாத்தது நல்லதாப் போச்சு. நேத்து நாலு வாட்டி ஒத்திகை பாத்தது வீண் போவல!"

"அட போ பாய்! உன் வூடு எதுக்குப் பக்கத்துலன்னு உனக்கே நெனப்பில்ல, நம்ம ஆறு பேருக்கும் வரிசை மறந்தே பூட்ச்சு. ஒவ்வொருத்தரையா கைய புடிச்சு சரியான எடத்துல குந்த வெச்சது கன்னிம்மாதானே!"