ஒரிஜினல் பம்பு

“சீ! சீ! இந்தக் கண்றாவிய எதுக்கும்மா என் கண்ணுல காட்டுற?”

நடுவர் ‘பூதக்கண்ணாடி’ கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். செத்த எலியைத் தொட்டவன்கூட இவ்வளவு அருவருப்பாகத் துடைத்திருக்க மாட்டான்.

அவர் தொட்டது எலியை இல்லை. திறந்திருந்த பானட்டுக்குள், ஐம்பத்தைந்து வருஷத்துக் கார் எஞ்சினின் முன்னால் மாட்டியிருந்த புத்தம்புது வாட்டர் பம்பை. எஞ்சின் சூடு இன்னும் ஆறவில்லை. விரல்நுனி சிவந்தும் போயிருந்தது. அது வேறு எரிச்சல்.

பழைய கார்ச் சங்கத்தின் தலைமை நடுவர் அவர். சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும், அதுவே பெயராகிவிட்டது. காரின் சொந்தக்காரி ஒரு நர்ஸம்மா. அப்பா விட்டுப்போன கார் அது. தினமும் அதில்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறாள். இன்றைக்கும் நாற்பது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு நேரே வந்து நிறுத்தியிருந்தாள்.

“பழைய பம்போட சிக்னல்ல நின்னாலே தண்ணி கொதிச்சுடும்யா. மூணு மாசம் அலைஞ்சு மூணு பம்பு பாத்தேன். ஒண்ணு ரிப்பேர் பண்ணின பழசு, மாட்டின அன்னைக்கே ஒழுகிடுச்சு. இன்னொண்ணுல உள்ள சுத்துற விசிறி பிளாஸ்டிக்கு. இதுலதான் இரும்பு விசிறி, பெருசாவும் இருக்கு. இது போட்டதுலேர்ந்து கொதிக்கிறதே இல்ல.”

“கொதிக்கட்டுமே! அந்தக் காலத்துக் கார்னா கொதிக்கத்தான் செய்யும். பட்டுல கோணிச்சாக்கு ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கும்மா. பாக்கவே குமட்டுது.”

நர்ஸம்மாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவரைப் பகைத்துக்கொள்ள முடியாது. காரணம் இருந்தது.

அடுத்த மாதத்திலிருந்து ஐம்பது வயசு தாண்டிய கார் ரோட்டில் ஓட வேண்டுமென்றால் சங்கத்தின் சான்றிதழ் வேண்டும். இந்த வருஷத்துக்கு மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அதற்கு வந்து நின்றதோ ஒரே மாடலில், ஒரே வயசில் இரண்டு கார். பெயிண்டு, சீட்டு, விளக்கு எல்லாவற்றிலும் இரண்டும் சரிசமமாக மார்க் வாங்கி, கடைசியில் போட்டி பம்பில் வந்து முட்டிக்கொண்டது.

“ஐயா, எங்க ஊருக்கு பஸ்ஸே ரெண்டுதான். காரு ஷெட்டுல நின்னுடுச்சுன்னா நான் வேலைய விட்டுட வேண்டியதுதான். ஒரே ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க.”

“ஓட்டிப் பாக்கிறதா? நல்லாருக்கே கதை! ஓடுறதுக்கெல்லாம் இங்க மார்க் கிடையாதும்மா.”

“பழைய பம்பு டிக்கியிலயேதான் கெடக்கு. இப்பவே மாத்திடறேன்யா.”

“எச்சிலான தட்டு எச்சிலானதுதான்” என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் காருக்கு நகர்ந்தார். மனுஷனுக்கு நாக்கில் நரம்பே இல்லை.

பக்கத்துக் கார் ஜவுளிக்கடைக்காரருடையது. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு, அவர் பானட்டை மெல்லத் தூக்கினார். அதுவரை கடுகடுவென்று இருந்த நடுவர் முகத்தில் பல்லெல்லாம் தெரிந்தது.

“அடடா, அடடா!”

அந்தக் காரோடு பிறந்த பம்பு. கம்பெனி முத்திரை எழுத்தெழுத்தாக நின்றது. துரு இல்லை, கசிவு இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் பட்ட கறைகூட இல்லை. பூதக்கண்ணாடியை வைத்து மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளங்கையை அதன்மேல் வைத்து, குழந்தையின் கன்னத்தைத் தடவுவதுபோலத் தடவிக்கொண்டே நின்றார். ஜில்லென்று இருந்தது.

“இது பம்பு! கண்ணுல ஒத்திக்கலாம். இங்க வந்து பாரும்மா, எப்பிடி வெச்சிருக்காரு பாரு!”

“எங்கப்பா வாங்கினதுங்க. ஒரு நட்டுகூட மாத்தினதில்ல” என்றார் ஜவுளிக்கடைக்காரர் அடக்கமாக.

அங்கேயே, அந்த பானட்டின் ஓரத்தில் வைத்தே சான்றிதழில் கையெழுத்துப் போட்டார் பூதக்கண்ணாடி. போட்டால் போட்டதுதான். சங்கத்து விதிப்படி அவரே தலைகீழாக நின்றாலும் திரும்ப வாங்க முடியாது.

நர்ஸம்மா தன் கார் பானட்டை டமாரென்று மூடினாள். “நல்லா இருங்கய்யா” என்று மட்டும் சொன்னாள்.

முடிவு சொன்னதும் ஊர்வலம். ஜெயித்த கார் தலைமை நடுவரை ஏற்றிக்கொண்டு முன்னால் போக, மற்றக் கார்கள் பின்னால் போவது சங்கத்து வழக்கம். இருபது கார்கள் வரிசையில் நின்றன. தெருவின் இரண்டு பக்கமும் ஜனம். பூதக்கண்ணாடி முன்சீட்டில் ஏறி, சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, கையசைக்கத் தயாராக உட்கார்ந்தார்.

நேர் பின்னால் நின்ற நர்ஸம்மாவின் கார் சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. அந்தச் சத்தமே அவருக்கு அசிங்கமாகப் பட்டது. “பம்பு சத்தம் கேட்டீங்களா? சீ!” என்று மூக்கைச் சுளித்தார்.

பச்சைக் கொடி ஆடியது. கொட்டு முழங்கியது. மற்ற எல்லாக் கார்களும் உறுமின, ஜெயித்த கார் மட்டும் கம்மென்று இருந்தது. பின்னாலிருந்து ஹாரன் மேல் ஹாரன். ஜவுளிக்கடைக்காரர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி தெருமுனையையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க பாத்துட்டே இருக்கீங்க? ஊரே காத்துக்கிட்டிருக்கு. கிளப்புங்க!”

ஜவுளிக்கடைக்காரர் அவர் காதோரம் குனிந்தார்.

“கொஞ்சம் பொறுங்கய்யா, கட்டி இழுத்துட்டு வந்த லாரிக்காரரு டீ குடிக்கப் போயிருக்காரு.”